கிந்தன் ஏறிய இரயில்

"நந்தன் யாரென்றே எனக்குத் தெரியாது. பிறகெப்படி நான் கிந்தனைக் கண்டு சிரிப்பது?"

கேட்டவர் பத்தொன்பது வயது இளைஞர். கேட்ட இடம் காரைக்குடி. தோழர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபத்தைக் காட்டி முடித்திருந்தோம். முதியோர் வயிறு குலுங்கச் சிரித்திருந்தனர். இளையோர் பாதி இடங்களில் சிரித்தனர். மீதி இடங்களில் முதியோர் முகத்தைப் பார்த்தனர். மற்றொரு தோழர் எழுந்தார். "நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் பழங்கதை! மாடு மேய்த்தவன் படிக்க ஆசைப்பட்டான், வாத்தியார் விரட்டினார், ஓடிப்போய்ப் படித்தான் என்பதெல்லாம் பாட்டன் காலத்துச் சேதி. இன்றுதான் எல்லோரும் படிக்கிறார்களே!" என்றார். கைதட்டலும் கிடைத்தது அவருக்கு.

இரண்டு கேள்விகளையும் ஒதுக்கிவிட முடியவில்லை நம்மால். முன்னது கலையைப் பற்றியது. பின்னது நாட்டைப் பற்றியது. அன்றிரவு சொல்ல நேரமில்லாது போனதை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

'கிந்தனார்' தனிப்படமன்று. 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யின் நடுவே வரும் சிறு நாடகம். அறிஞர் அண்ணா திரைக்குத் தந்த முதற்கதை 'நல்லதம்பி'. 1936-இல் பிராங்க் காப்ரா எடுத்த அமெரிக்கப் படமொன்றின் சாயல் அதற்கு உண்டு. இயக்கியவர்கள் கிருஷ்ணன்–பஞ்சு இருவர். அப்படியிருக்க, கிந்தனாரைக் கலைவாணரின் படைப்பென்று ஏன் சொல்கிறோம்? அந்நாளைய பட உலகின் வழக்கம் தெரிந்தோர்க்கு வியப்பிராது. கலைவாணர் நடித்த படங்கள் பலவற்றில் நகைச்சுவைப் பகுதி அவர் பொறுப்பு. கதையைத் தாமே கட்டுவார். தம் குழுவினரைச் சேர்ப்பார். உரையாடலும் பாட்டும் ஆக்குவித்து, தாமே முன்னின்று படமாக்கித் தருவார். பட முதலாளி அதை வாங்கிப் பெரிய கதையின் இடையிடையே தைத்துக்கொள்வார். அரண்மனையும் அந்தப்புரமும் ஆர்ப்பரித்த அந்நாளைய படங்களுக்குள் நம் தெருவும் சந்தையும் திண்ணையும் நுழைந்தது இப்படித்தான். ஒட்டுப்போட்ட துணி என்பர் கலை நுணுக்கம் பேசுவோர். ஒட்டுத்தான்! ஆனால் துணி நைந்துபோன பிறகும் ஒட்டு நிற்கிறதே, அதை என்னென்பது? 'நல்லதம்பி'யின் கதையை முழுதாகச் சொல்லக்கூடியவர் அன்று மாடியில் ஒருவரும் இல்லை. கிந்தன் கதையைச் சொல்லக்கூடியவர் எழுவர் இருந்தனர்.

அதைப் படைத்த மனிதர் அப்போது எங்கிருந்து வந்திருந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிக்கி, 1945-இல் தண்டனை பெற்று, சிறைவாசம் அனுபவித்து, 1947-இல் குற்றமற்றவர் என விடுதலையானவர் கலைவாணர். சிறையினின்று வந்தவர் அணிந்த வேடம் எது? பாகவதர் வேடம்! சார்லி சாப்ளின் 1923-இல் தாமே நடித்து இயக்கிய சிறுபடம் ஒன்றுண்டு, 'தி பில்கிரிம்' என்று. சிறையினின்று தப்பிய கைதி பாதிரியின் அங்கியை மாட்டிக்கொள்கிறான். ஊரார் அவனையே பாதிரி என்றெண்ணி மேடையேற்றிவிட, தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையைக் கை, கால், கண், புருவம் எல்லாவற்றாலும் நடித்துக் காட்டுகிறான். உரை கேட்கவந்த கூட்டம் திகைக்கிறது. சாப்ளினின் கைதி வேறு வழியின்றிப் பாதிரியானவன். நம் கலைவாணரோ எதிரியின் மேடை இது, எதிரியின் உடை இது, எதிரியின் இராகம் இது என்று தெரிந்தே ஏறி அமர்ந்தவர். பாதிரி உடையிலிருந்து தப்பி ஓடுகிறான் அவன். பாகவதர் பீடத்தைக் கைப்பற்றிக் கொள்கிறார் இவர்.

இனி, இளைஞரின் கேள்விக்கு வருவோம். நந்தன் யார்?

ஆதனூர்ச் சேரியிற் பிறந்த உழவுத் தொழிலாளி. தில்லையைக் காண ஆவல் கொண்டவன். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாள்களைத் தள்ளியதால் 'திருநாளைப்போவார்' எனப் பெயர் பெற்றான் என்கிறது பெரியபுராணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் காலட்சேபத்துக்குரிய கீர்த்தனை நாடகமாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரைப் பண்ணை முதலாளியாகப் படைத்து, நாற்பது வேலி நிலத்தையும் அறுத்துக் கொடுத்தபின் போ என்று சொல்ல வைத்தார். அந்த ஒரு பாத்திரத்துக்காக நாம் பாரதியாரைப் பாராட்டலாம். பண்ணையடிமை முறையை உள்ளபடி காட்டிவிட்டாரல்லவா! ஆனால் முடிவு? அறுவடையைக் கடவுளின் பூதகணங்கள் ஓரிரவில் முடித்துத் தருகின்றன. தில்லைக்குப் போன நந்தன் அப்படியே உள்ளே போக முடியவில்லை. தீ மூட்டுகின்றனர். தீயில் இறங்கியவன் முப்புரிநூல் அணிந்த முனிவனாக வெளியே வருகிறான். பிறகே உள்ளே விடுகின்றனர். அதாவது, உள்ளே போனவன் நந்தனல்லன்! நந்தனை எரித்துவிட்டு, எரிந்த இடத்தில் ஒரு பார்ப்பனரை எழுப்பி, அவரை உள்ளே அனுப்பிவைத்தனர். இதைக் கேட்டுக் கண்ணீர் உகுத்தது நாடு. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார். 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்தார். இரண்டு முறையும் கொட்டகைகளில் பக்தி பெருகிற்று.

அந்தக் கண்ணீரை நன்றாக அறிந்தவர் கலைவாணர். ஆகவே காலட்சேபத்தின் சட்டதிட்டம் ஒன்றையும் மீறவில்லை அவர். அதே விருத்தம், அதே நடை, அதே பின்பாட்டு, அதே இழுவை. பாட்டுகளை ஆக்கியவர் உடுமலை நாராயணகவி. பாகவதர் கதை தொடங்குகிறார், கூட்டம் நந்தனுக்காகக் காத்திருக்கிறது, வருபவன் கிந்தன். தில்லைக்குப் போகவேண்டும் என்று துடிக்கவேண்டியவன் பள்ளிக்குப் போகவேண்டும் என்று துடிக்கிறான். வேதியர் நிற்கவேண்டிய இடத்தில் வாத்தியார் நிற்கிறார். சிதம்பரம் இருக்கவேண்டிய இடத்தில் பட்டணம் இருக்கிறது. தீயில் இறங்கவேண்டியவன் தேர்வெழுதுகிறான்! முனிவனாக எழவேண்டியவன் கல்வி அதிகாரியாகத் திரும்புகிறான். ஒவ்வொரு திருப்பத்திலும், எதிர்பார்த்தது ஒன்று, வந்தது மற்றொன்று. சிரிப்பு அந்த இடைவெளியிலே பிறக்கிறது. இதிலே நுட்பம் எதுவெனில், கிந்தனைக் கண்டு யாரும் சிரிப்பதில்லை. தாழ்த்தப்பட்டவனைக் கோமாளியாக்கிச் சிரிக்க வைப்பது அந்நாளைய மேடைக்கு எளிது; அதற்குப் பழக்கப்பட்ட கூட்டமும் இருந்தது. கலைவாணர் அந்தக் கூட்டத்தையே உட்காரவைத்து, அது கண்ணீர்விட்ட பழைய கதையைப் பார்த்து அதுவே சிரிக்கும்படி செய்துவிட்டார்.

இளைஞர் கேட்டது நியாயந்தான். மூலம் தெரியாதவர்க்குக் கேலியின் பாதி போய்விடும். அது இப்படைப்பின் குறை என்றே கொள்வோம். எதிரியின் கதையைத் தலைகீழாக்கிச் செய்த கலை, எதிரியின் கதை மறக்கப்படும்போது தானும் ஒளி குன்றும். நந்தன் கதை மறக்கப்பட்டதற்காக வருந்துவோர் வரிசையில் நாம் நிற்கப்போவதில்லை. இருந்தாலும், அடுத்தமுறை படத்தைக் காட்டுமுன் ஐந்து நிமிடம் நந்தன் கதையைச் சொல்லிவிடுவது நல்லது.

மூலம் தெரியாதவரும் முழுதாகச் சிரித்த இடம் ஒன்று இருந்தது: இரயில். கிந்தன் பட்டணத்துக்கு இரயிலேறிப் போகிறான். வண்டியின் சக்கர ஒலியையும் புகையையும் பாட்டிலே கொண்டுவந்து, பூணூல் தரித்தவரையும் சேரியிலிருந்து வந்தவரையும் ஒரே பலகையில் உட்காரவைத்து இழுத்துச் செல்லும் பெருமையை அந்த வண்டிக்குப் பாடுகிறார் கலைவாணர். சீட்டுக் கொடுப்பவர் சாதி கேட்பதில்லை, காசு கேட்கிறார். புராணம் ஆயிரமாண்டாகச் செய்யாததை நிலக்கரியும் நீராவியும் செய்துவிட்டன. இந்த இடத்தில் மாடியிலிருந்த அத்தனை பேரும் தாளம் போட்டனர்.

தாளம் போட்ட கைகளுக்கு ஊர் வரலாறு தெரியுமா? புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு இரயில்பாதை திறக்கப்பட்டது 1930-இல். செட்டிநாடு இரயிலைக் கண்ட ஆண்டு அது. அதே 1930 டிசம்பரில், இன்றைய சிவகங்கை மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியார் கூடி, ஆதித்திராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்தனர். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டை கூடாது, முடி வெட்டிக்கொள்ளக்கூடாது. மண்சட்டியன்றி வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மார்பை மூடக்கூடாது, பூச்சூடக்கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளைபோயின. இது போதாதென்று 1931 சூனில் மறுபடி கூடிப் பதினொரு தடைகளாக்கினர். அந்தப் பட்டியலில் இருப்பதைத் தோழர்கள் நிறுத்திப் படிக்கவேண்டும்: ஆதித்திராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது; மிராசுதாரரின் மாடுகளை மேய்க்கவேண்டும்.

நம் கற்பனையன்று இது. 1931 மக்கள் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்ற வெள்ளைக்காரர், சாதியைப் பற்றி எழுதி 1946-இல் வெளியிட்ட நூலிலே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்.

எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, மாடு மேய்! கிந்தனின் கதை இதுவேயல்லவா? கலைவாணர் அந்தத் தீர்மானத்தைப் படித்துவிட்டுத்தான் கதை கட்டினார் என்று நாம் சொல்லவில்லை. நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர் அவர். தென்திருவிதாங்கூரின் தீண்டாமையைக் கண்ணால் கண்டவர். அவருக்கு எந்த நூலும் தேவைப்பட்டிராது. நாம் சொல்வது, செட்டிநாட்டு மண்ணிலே உட்கார்ந்து இதைப் பார்ப்பவர், கிந்தன் சிரிப்புக்காகச் செய்த பொம்மை என்று எண்ணிவிடக்கூடாது என்பதே. ஒரே ஆண்டில் இவ்வட்டாரத்துக்கு இரயிலும் வந்தது, தடையும் வந்தது. இரயிலில் கிந்தனுக்கு இடமுண்டு. இறங்கி ஊருக்குள் நடந்தால் செருப்பு கூடாது. அந்த முரண்பாட்டைக் கலைவாணர் ஒரு பாட்டிலே பிடித்துவிட்டார்.

இப்போது "பழங்கதை" என்ற தோழரிடம் வருகிறோம். இரயில் போகட்டும், தேரைப் பார்ப்போமா? தேவகோட்டைக்கு அருகிலே கண்டதேவி. ஆனித் திருவிழாவில் தேரின் வடத்தை ஆதித்திராவிடர் தொடலாமா என்ற தகராறு 1998 முதல் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிற்று. தேர் பல ஆண்டுகள் நின்றது. 2024 சூனில், காவல்துறையினர் பெருந்திரளாகச் சூழ்ந்து நிற்க, மறுபடி ஓடிற்று. அக்கோயில் விழாவில் முன்னுரிமை கேட்கும் நாடுகளுள் ஒன்றான உஞ்சனையில், 1979-இல், கோயில் விழாத் தகராறில் ஆதித்திராவிடர் ஐவர் கொல்லப்பட்டதையும் இவ்வட்டாரம் மறக்கவில்லை. தேரோட்டமே வேண்டுமா என்று கேட்பவர்கள் நாம். மரத்தேர் ஓடினாலென்ன, நின்றாலென்ன? ஆனால் ஒருவன் கை பட்டால் கயிறு தீட்டாகும் என்று மற்றவன் சொல்லும்போது, அது தேரைப் பற்றிய வழக்காக இருப்பதில்லை.

பள்ளிக்கே போவோம் என்கிறாரா தோழர்? போகலாம். 2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஆதித்திராவிட மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 சூனில் அறிக்கை வந்தது. மாணவர் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதிப் பெயர் கூடாது என்றெல்லாம் பரிந்துரைக்க வேண்டியிருந்தது அக்குழுவுக்கு. கிந்தனைப் பள்ளிக்குள் விடவில்லை அன்று. இன்று விட்டாயிற்று, உள்ளே போனவன் முதல் மதிப்பெண் வாங்கியதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை. எது பழங்கதை, தோழரே?

இடையே ஒன்று சொல்லிவிடுகிறோம். 'கிந்தனார்' வந்து நான்கே ஆண்டுகளில், 1953-இல், இராசாசி அவர்கள் அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயரிட்டு நாடு அதை எதிர்த்தது. 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. எதிர்ப்புக் கூட்டங்களில் பேசியவர்க்குக் கிந்தன் எத்துணை உதவியாக இருந்திருப்பான்! மாடு மேய்ப்பவன் மகன் மாடுதான் மேய்க்கவேண்டுமா என்று கேட்டால் போதும்; கேட்டவருக்கு உடனே பாட்டு நினைவுக்கு வந்திருக்கும்.

பாராட்டு மட்டுமே விமரிசனமாகாது. கிந்தன் கல்வி அதிகாரியாக வருகிறான். விரட்டிய வாத்தியாரே வரவேற்கிறார். கொட்டகை கைதட்டுகிறது. நாமும் தட்டினோம். ஆனால் வாத்தியார் வணங்குவது யாரை? கிந்தனையா, கிந்தன் வகிக்கும் பதவியையா? அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன மறுநாள், சேரியிலிருந்து இன்னொரு சிறுவன் பலகையோடு வந்து நின்றால், அதே வாத்தியார் என்ன செய்வார்? கலைவாணர் அதைக் காட்டவில்லை. வாத்தியாரின் குழைவை அவர் நடித்துக் காட்டும் விதத்தில், குழைவின் பொய்ம்மை தெரியத்தான் தெரிகிறது. இந்த மனிதன் திருந்தவில்லை, அஞ்சுகிறான் என்பது கூர்ந்து பார்ப்போர்க்கு விளங்கும். எனினும் கதை ஒருவனுடைய வெற்றியோடு முடிகிறது. நந்தன் கதையிலும் தப்பியவன் ஒருவன். கிந்தன் கதையிலும் தப்பியவன் ஒருவன். தலைகீழாக்கியபோது இந்த ஒன்று மட்டும் தலைகீழாகவில்லை.

கலைவாணர் ஒட்டுத்துணி தைப்பதோடு நின்றவரல்லர். 1951-இல் 'மணமகள்' வாயிலாக முழுப்பட இயக்குநரானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'பணம்', செட்டிநாட்டுக்கு நெருங்கிய படம். எடுத்தவர் காரைக்குடிக்கு அருகே சிறுகூடல்பட்டியைச் சேர்ந்த ஏ.எல். சீனிவாசன், கவிஞர் கண்ணதாசனின் தமையனார். எழுத்து கலைஞர் மு. கருணாநிதி, நடிப்பு சிவாஜி கணேசன், பத்மினி, விசுவநாதன்–இராமமூர்த்தி இரட்டையர் சேர்ந்து இசையமைத்த முதற்படம். வட்டிக்கடையால் வளர்ந்த நாட்டிலிருந்து பணத்தைப் பழிக்கும் படத்துக்குப் பணம் வந்தது! அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. 1929-இலேயே, ஈரோட்டில் பெரியார் முன்னிலையில், கைம்பெண்ணான மரகதவல்லியாரை மணந்து காட்டிய 'குமரன்' ஆசிரியர் சொ. முருகப்பாவும் இந்நாட்டவர்தாமே.

'பணம்' படத்தில் பணத்தைத் தேடியலையும் பாட்டொன்றைக் கண்ணதாசன் எழுதக் கலைவாணர் பாடினார். கருப்புச் சந்தையில், கஞ்சன் கையில், இரும்புப் பெட்டியில், கோயில் உண்டியலில் என்று ஒவ்வோரிடமாகப் போய் விசாரிக்கும் பாட்டு. கழகத்தின் பெயர்ச்சுருக்கத்தையே எடுத்துக்கொண்டு, திருக்குறள் முன்னணிக் கழகம் என்று விரித்துப் பாடிய மற்றொன்றும் உண்டு. கொட்டகையில் அது கிளப்பிய ஆரவாரம் பெரிது. இந்த இரண்டையும் நீக்கிவிட்டுப் பார்த்தால், முழுப்படம் கையில் கிடைத்தபோது கலைவாணரின் கூர்மை சற்று மழுங்கிற்று என்றே நமக்குப் படுகிறது. கண்ணீருக்கும் குடும்பச் சிக்கலுக்கும் நீண்ட வசனத்துக்கும் இடம் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. அரை மணிக்கும் குறைவான கிந்தன் கதையில் அவர் ஒருவருக்கும் ஒன்றையும் விட்டுக்கொடுக்கவில்லை.

அன்று மாடியில் கடைசியாகக் கேள்வி கேட்டவர் ஒரு பெண். அழகப்பர் கல்லூரி வளாகத்தில் படிப்பவர். "கிந்தனுக்குத் தங்கை இருந்திருந்தால் அவளும் இரயிலேறியிருப்பாளா?" என்றார். முதியோர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். கிந்தனாரில் அதற்கு விடையில்லை. டி.ஏ. மதுரத்தைப் போன்ற ஈடான கலைஞரை அருகிலே வைத்துக்கொண்டு, மேடையிலும் திரையிலும் சொல்லுக்குச் சொல் அவரிடம் தோற்றுக்காட்டிச் சிரிக்கவைத்தவர், அந்தத் தங்கையைப் படைக்காமல் விட்டது ஏனோ!

அந்தப் பெண்ணே இப்போது ஒரு காலட்சேபம் எழுதத் தொடங்கியிருக்கிறார். அதிலே இரயில் இல்லை. காலை ஏழு மணிக்கு வரும் நகரப் பேருந்து. வாத்தியாருக்குப் பதில் கையிலே வண்ணக்கயிறு கட்டிய பையன்கள். பாதி முடிந்திருக்கிறது. சிப்ளாக்கட்டை தேவகோட்டையில் ஒரு பழைய பொருள் கடையில் கிடைத்துவிட்டது. பின்பாட்டுக்கு இருவர் சேர்ந்துள்ளனர். மிருதங்கத்துக்குப் பதிலாகப் பறை வாசிக்கத் தோழர் ஒருவர் இசைந்திருக்கிறார். வெண்பாவிலே ஆரம்பிக்கலாமா, விருத்தத்திலா என்பதில்தான் இன்னும் சண்டை ஓயவில்லை.